பேஸ் கிட்டார்: அடித்தளமா, மந்தரமா?

அறுபதுகளின் ராக் இசையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நான்கு தந்திக் கிட்டாரான பேஸ் கிட்டாரை ‘அடித்தளக் கிட்டார்’ ஆக்கிவிடுகிறார்கள். எங்கோ ஓரிடத்தில் என்றால் போகட்டும் என்று விடலாம். இப்போது தலைப்பிலேயே வருகிறது.

சொல்லின் கதை சின்னதுதான். இத்தாலிய மொழியில் பாஸ்ஸோ என்றால் தாழ்ந்தது. அதற்கு மூலம் பிற்கால லத்தீன். இதன் உறவான ஆங்கில ‘பேஸ்’ இசையில் கீழ்ச்சுருதியைக் குறிக்கும். அடித்தளம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்த வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடும் போய், இரண்டுமே ‘பேஸ்’ ஆகிவிடுகின்றன. பேஸ்புக்கில் இருக்கும் முகமும் அதே பேஸ்தான்! காதில் விழுந்ததை வைத்து அகராதியைப் புரட்டினால் அடித்தளம் கிடைக்காமல் வேறென்ன கிடைக்கும்?

‘பிழையாகவே இருக்கட்டும், பொருள் பொருந்துகிறதே, பாட்டைத் தாங்குவது பேஸ்தானே’ என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். இதுதான் எனக்கு ஒப்பவில்லை. அடித்தளம் என்றால் அசையாமல் கிடப்பது. அறுபதுகளில் நடந்ததோ அதற்கு நேர் எதிர். 1961-இல் பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியபோது, குழுவில் வேறு யாரும் விரும்பாத பேஸ் பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. அவர் அதைப் பாட வைத்தார். 1969-இல் வந்த பீட்டில்ஸின் ‘சம்திங்’ பாட்டைக் கேளுங்கள். ஜார்ஜ் ஹாரிசனின் குரல் ஒரு மெட்டில் போக, கீழே பேஸ் தனக்கென்று இன்னொரு மெட்டில் போகிறது. குரல் நீண்டு நிற்கும் இடத்தில் பேஸ் ஓடுகிறது. அந்த பேஸ் மெட்டை மட்டும் தனியாக முணுமுணுக்கலாம். அடித்தளத்தை யாராவது முணுமுணுப்பார்களா?

மெக்கார்ட்னியே தனக்கு முன்னோடி என்று சொன்னது டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை. ஒற்றை ஆள்காட்டி விரலால் தந்தியை மீட்டி அத்தனை ஓட்டம் காட்டியவர் அவர். தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் 1965-இல் ‘மை ஜெனரேஷன்’ பாட்டில், கிட்டார் தனித்து ஒலிக்க வேண்டிய இடத்தில் பேஸைத் தனித்து ஒலிக்க வைத்தார். 1966-இல் பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவில் பேஸ் இன்னும் பலமாகக் கேட்க வேண்டும் என்று ஒலிபெருக்கி ஒன்றையே மைக்காகத் திருப்பி வைத்தார்கள். இதையெல்லாம் விவரித்துவிட்டு அடுத்த வரியில் ‘அடித்தளம்’ என்று எழுத ஒருவருக்கு எப்படிக் கை வருகிறது என்பது எனக்குப் புரியாத விஷயம்.

‘ஆதார சுருதிக் கிட்டார்’ என்பதும் ஆகாது. ஆதார சுருதி மாறாமல் ஒலிக்க வேண்டியது, தம்பூராவின் வேலை.

சரி, பின் என்னதான் சொல்வது? மந்தரக் கிட்டார். பேஸின் நான்கு தந்திகள் சாதாரணக் கிட்டாரின் கனத்த நான்கு தந்திகளுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. கிட்டாரின் கடைசித் தந்தி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்ந்தால் பேஸின் கடைசித் தந்தி 41 முறை. மந்தர ஸ்தாயி என்று நம் பாட்டு வாத்தியார்கள் நாள்தோறும் சொல்வது இதைத்தானே? வடசொல் என்று முகம் சுளிப்பவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் ‘மெலிவு’ இருக்கிறது. வலிவு, சமன், மெலிவு, அதாவது மேல், நடு, கீழ் ஸ்தாயி என்ற வரிசையில் அருமையான சொல். ஆனால் ‘மெலிவுக் கிட்டார்’ என்றால் இன்றைக்கு நோஞ்சான் கிட்டார் என்றுதான் படும். எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். மந்தரத்தை ‘மந்தம்’ என்று படித்துவிடும் ஆபத்தும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பயந்தால் ‘பேஸ்’ என்றே எழுதுங்கள், குற்றமில்லை.

அப்புறம், ‘மெலடிக் பேஸ்’ என்பதை ‘இனிமையான அடித்தளம்’ என்று எழுதுகிறார்களே, அது பிழைக்கு மேல் பிழை. மெலடி என்றால் மெட்டு, இனிமை அல்ல. என்ட்விசிலின் அந்தத் தனி வாசிப்பு உறுமுகிறது, சீறுகிறது. இனிமை அதில் மருந்துக்கும் கிடையாது. மெட்டு இருக்கிறது.