இருபது வருஷம் ஒத்துக்கொண்ட டை

"இருபது வருஷமாகத் தலைக்கு ஒரே டைதான் அடிக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு மட்டும் ஏன் இமை இரண்டும் வீங்கிப்போயின?" உட்லண்ட்ஸ் வாசகி ஒருவரின் கேள்வி. கண் பட்டிருக்கும் என்று பக்கத்து வீட்டம்மா மிளகாய் சுற்றிப் போட்டாராம். மிளகாயை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். குற்றவாளி பெரும்பாலும் டைக்குள்ளேயே இருக்கும்.

பெயர் பாராஃபீனிலீன்டையமீன், சுருக்கமாக பிபிடி. மூலக்கூறு எடை வெறும் 108. அமோனியா முடியை உப்ப வைக்க, இது உள்ளே நுழையும். பெராக்சைடு பட்டதும் ஒன்றோடொன்று கோத்துப் பெரிய நிறமூலக்கூறாகிவிடும். வீவக அடுக்குமாடி வீட்டு லிஃப்டில் பலகை பலகையாக ஏறிய அலமாரியை அறைக்குள் பூட்டியபின் முழுசாக வெளியே எடுக்க முடியுமா? சாயம் முடிக்குள் தங்குவதும் அப்படித்தான்.

ஆனால் அந்தச் சின்ன உருவம் தோலுக்குள்ளும் நுழைந்துவிடும். தனியாக இருந்தால் நோய் எதிர்ப்புப் படையின் கண்ணில் படாத அளவு சிறியது. அரைகுறையாக ஆக்சிஜனேற்றம் அடைந்து நம் புரதத்தில் ஒட்டிக்கொண்டால்தான் வினை. சொந்தப் புரதமே அந்நியன் வேஷம் கட்டிவிடுகிறது! இப்படி ஒட்டிக்கொண்டு வேலை காட்டும் பொருளுக்கு 'ஹாப்டென்' என்று பெயர் வைத்தவர், ரத்த வகைகளைக் கண்டுபிடித்த லாண்ட்ஸ்டைனர்.

வேஷதாரியைப் பிடிப்பது, தோலில் காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல். 1868இல் பால் லாங்கர்ஹான்ஸ் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்தது. அதை நரம்பு செல் என்றே நினைத்தார். அது பிபிடி ஒட்டிய துண்டை நிணநீர்க் கணுவுக்குத் தூக்கிப்போய்க் காட்ட, அங்கே இருக்கும் எதிர்ப்புப் படை வீரர்களில் பொருந்தும் டி செல்கள் பெருகி நினைவில் வைத்துக்கொள்ளும். அப்போது அரிப்புகூட இருக்காது. இது முதல் டையிலும் நடக்கலாம், இருபதாவது வருஷத்திலும் நடக்கலாம். அடுத்த முறை அந்த டி செல்கள் திரண்டு வர ஓரிரு நாள் ஆகும். அதற்குள் நாம் முந்தின ராத்திரி தின்ற இறால்மேல் பழியைப் போட்டிருப்போம். இமைத்தோல் மெல்லியது, அதனால் முதலில் அங்கேதான் வீங்கும்.

பெர்ம் செய்யும் சில மருந்துகளில் உள்ள கிளிசரில் தயோகிளைக்கோலேட்டும் இதே வழிதான். அதில் அதிகம் அவதிப்படுவது சலூன்காரர்களின் கைகள்.

சரி, உறுதிசெய்ய? தோல் மருத்துவர் முதுகில் பிபிடி பட்டை ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பார்ப்பார். அதுவரை டையைத் தொட வேண்டாம்.

வாசகியிடம் ஒன்று திருப்பிக் கேட்டேன்: கறுப்பு மருதாணி வைத்ததுண்டா? அசல் மருதாணி செக்கச்செவேலென்றுதான் பிடிக்கும். 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் பிபிடி கலந்திருக்கும், அதுவும் தலைச்சாயத்தைவிடத் தாராளமாக. போன வருஷம் அக்கா மகள் கல்யாணத்தில் கைக்கு வைத்தாராம். ஒரு மணி நேரத்தில் கருகருவென்று பிடித்ததாம்.