அங்கன்வாடிக்கு அரை மணி நேரம் வருவீர்களா?

பிறந்த நாளுக்கு ஊர் அங்கன்வாடிக்கு என்ன வாங்கித் தரலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு முன்பருவக் கல்வியில், அதாவது பள்ளிக்கு முந்தைய கல்வியில், பயிற்சி கொடுப்பது என் வேலை. கேக், பிளாஸ்டிக் நாற்காலி, பொம்மை என்று அவர்களே ஒரு பட்டியலும் வைத்திருப்பார்கள். நாற்காலி சரி. பொம்மையும் படப் புத்தகமும் பல மையங்களில் போட்டோ எடுத்த கையோடு பீரோவுக்குள் போய்விடும். டீச்சரைக் குறை சொல்ல முடியாது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தாலும் கிழிந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் கொடுக்கும்போதே, "கிழிந்தால் பரவாயில்லை, வேறு தருகிறோம்" என்று சொல்லிக் கொடுங்கள். மூன்று வயதுக் குழந்தை புரட்டும் புத்தகம் கிழியத்தான் செய்யும்.

அங்கே பெரிய பற்றாக்குறை ஆளுக்குத்தான். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. மற்ற ஐந்திலும் அதே டீச்சருக்கு வேலை உண்டு. எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், தடுப்பூசிக்குத் தாய்மாரை அழைத்து வர வேண்டும், போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் இந்த விவரங்களை ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில் அதற்கே பாதிநாள் போகும். இதில் எதைத் தள்ளிப்போட்டாலும் மேலிருந்து கேள்வி வரும், கதை நேரத்தைத் தவிர.

ஊர்க்காரர்கள் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வந்தாலும் சரி. படத்தைக் காட்டி "இந்த ஆடு ஏன் ஓடுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கத் தெரிந்தால் போதும். படித்தவர்களுக்கு அந்தப் பேசாமல் இருப்பதுதான் வருவதில்லை. பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். "நாய் துரத்துது", "அதுக்குப் பசிக்குது", "எங்க வீட்டு ஆடும் ஓடுச்சு" எதுவும் தப்பான பதில் இல்லை. இப்படிப் பேசிப் பேசிச் சொற்களைச் சேர்த்துக்கொண்ட குழந்தை, ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டும்போது தனக்குத் தெரிந்த சொல்லைத்தான் பார்க்கும். தெரியாத சொல்லைக் கூட்டிப் படித்தால் சத்தம் வரும், அர்த்தம் வராது. ஓசூர்ப் பக்கம் போல வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் இருக்கும் மையத்துக்கு அந்த மொழியும் தெரிந்த ஒருவர் போனால் ரொம்ப நல்லது.

"எப்போ எழுத வைப்பீங்க?" என்று பெற்றோர் நெருக்குவார்கள். பென்சில் பிடித்து வரி வரியாக எழுத மூன்று வயது விரலுக்குப் பலம் போதாது. களிமண் உருட்டட்டும், மணி கோர்க்கட்டும், காகிதம் கிழிக்கட்டும்.

புத்தகத்துக்குப் பெரிய செலவில்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன; அச்செடுத்துக்கொள்ளலாம். போகும் முன் டீச்சரிடமும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம், காலையிலேயே போங்கள். மதியச் சாப்பாடு முடிந்து போனால் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.