நோமினி வேறு, வாரிசு வேறு

மலேசியக் காப்புறுதி விளக்கத் தாள்களில் ‘நோமினி’ வரவேண்டிய இடத்தில் ‘வாரிசுதாரர்’ என்று அச்சடிக்கிறார்கள். முகவர்களும் அதையே சொல்கிறார்கள்: “வாரிசு பேரு போட்டாச்சு அண்ணே, இனி கவலை இல்ல.” கவலை அங்கேதான் தொடங்குகிறது.

நோமினி என்றால் பெயர் குறிக்கப்பட்டவர். லத்தீனில் ‘நோமென்’ என்பது பெயர். மலாய் ‘பெனாமா’வும் நாமத்திலிருந்து பிறந்ததே. (காது தவறி ‘பினாமி’ ஆக்கிவிடாதீர்கள், அது பெயரில்லாதது என்று பொருள்படும் பாரசீகச் சொல்.) வாரிசு அரபியிலிருந்து வந்தது, இறந்தவர் சொத்தில் சட்டம் உரிமை தரும் ஆள். நம் ஊரில் குழப்பம் கூடுவதற்கு மலாய் ‘வாரிஸ்’ ஒரு காரணம். மருத்துவமனைப் பாரத்தில் அது நெருங்கிய உறவினரைக் குறிக்கிறது. அந்தப் பொருளோடு அது தமிழுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

சரி, ‘தாரர்’ என்ற பாரசீக வால் எதற்கு? பங்கு வைத்திருப்பவர் பங்குதாரர், குத்தகை வைத்திருப்பவர் குத்தகைதாரர். அந்தக் கணக்கில் வாரிசுதாரர் என்றால் வாரிசு வைத்திருப்பவர், அதாவது செத்துப்போனவர்! பணம் வாங்குபவருக்குப் போய் இறந்தவரின் பட்டத்தைச் சூட்டியிருக்கிறார்கள்.

இலக்கணப் பிழை மட்டும் என்றால் விட்டுவிடலாம். இந்தச் சொல் சட்டத்தையே திரித்துச் சொல்கிறது. முஸ்லிம் அல்லாத ஒருவர் தம் காப்புறுதியில் மனைவி அல்லது பிள்ளையின் பெயரைக் குறித்தால், 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 10ஆவது அட்டவணைப்படி அது அவர்களுக்கான டிரஸ்ட் ஆகிறது. பணம் அவர்களுக்கே சொந்தம். பெற்றோரைக் குறித்தாலும் அப்படித்தான், ஆனால் குறிக்கும் நாளில் மனைவியோ பிள்ளையோ உயிரோடு இருக்கக்கூடாது. கல்யாணமானவர் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ போட்டால், அவர்கள் அந்தப் பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் நிர்வாகிகள் மட்டுமே. உயில் இல்லையென்றால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வரும்: மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். பிள்ளைகள் இருக்கும்போது தம்பிக்கு ஒரு காசும் கிடையாது. ‘வாரிசு’ என்று நம்பி வாங்கிச் செலவழித்த தம்பிதான் பிறகு அண்ணியிடமிருந்து வழக்கறிஞர் கடிதம் வாங்குகிறார்.

ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் கதை வேறு. முஸ்லிம் அல்லாதவர் குறித்த நோமினி பணத்தைத் தமக்கே பெறுகிறார். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் அதே நோமினி வெறும் வஸி, அதாவது நிர்வாகி. பணம் ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பிரியவேண்டும். ஃபராயிட்டில் வாரிசு என்பது யார், எத்தனை பங்கு என்று வரையறுக்கப்பட்ட சொல். அதையே தூக்கி நோமினிக்குக் கொடுப்பது பெரும் அநியாயம்.

தமிழ்நாட்டுப் பாரங்களில் ‘நியமனதாரர்’ என்றும் உண்டு. பொய் சொல்லவில்லை, ஆனால் இங்கே நியமனம் என்றால் வேலைக் கடிதம்தான் நினைவுக்கு வரும். ‘குறிப்பாளர்’ என்பதும் உதவாது; ‘ஆளர்’ என்றால் குறிப்பவர், குறிக்கப்பட்டவர் அல்ல. என் தேர்வு ‘பெயர் குறிக்கப்பட்டவர்’. நீளம்தான். பாரத்தில் கட்டம் போதவில்லை என்றால் ‘நோமினி’ என்றே எழுதுங்கள். தூய தமிழ் வேண்டும் என்று சொல்லி அரபு வேருக்குப் பாரசீக வாலை ஒட்டுவதைவிட அது நேர்மை.

பெயரைக் குறித்த பிறகு உயிலில் மாற்றி எழுதினாலும் காப்புறுதியில் எதுவும் மாறாது. நிறுவனத்திடமே எழுத்தில் கொடுக்கவேண்டும். குறிக்கப்பட்டவர் முந்திக்கொண்டு இறந்துவிட்டால் அந்தக் குறிப்பும் செல்லாது.

வீட்டுக்கு நோமினி கிடையாது. உயில் இருந்தால் உயர்நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயிலை நிறைவேற்றும் அனுமதி. உயில் இல்லாமல் நிலமும் சேர்ந்து மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் நில அலுவலகத்தில் பாரம் ‘ஏ’ கொடுத்து விண்ணப்பிக்கவேண்டும். நிலமே இல்லாமல் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் அமானா ராயா என்ற பொது அறங்காவல் நிறுவனம். உயில் இல்லாதவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் ‘சூராட் குவாசா மெந்தாட்பிர்’ என்பதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அதிகாரப் பத்திரம்’ என்கிறார்கள். பவர் ஆஃப் அட்டர்னிக்கும் அதே சொல். முன்னது ஒருவர் இறந்த பிறகே பிறக்கும், பின்னது எழுதிக் கொடுத்தவரோடு சாகும். அப்பா கொடுத்த ‘பவர்’ கையில் இருக்கிறதே என்று, அவர் இறந்தபின் அதை வைத்து வீட்டை விற்கக் கிளம்புகிறவர்களை யார் குறை சொல்வது?