“இது தாலாட்டுதானே கண்ணு?”

சேலத்தில் பியானோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து 18 வருஷம் ஆகிறது. பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது கிரேடு பரீட்சை பற்றி. அதற்கு அடுத்தது, “இந்த பீஸுக்கு என்ன அர்த்தம் மிஸ்?” என்ற கேள்வி. பீஸ் என்றால் வாசிக்கும் ஒரு தனி இசைத் துண்டு. இதற்குப் பல வருஷம் நான் தப்பாகப் பதில் சொல்லிவந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானே எழுதிய ஒரு பீஸ் இருக்கிறது, நான்கு நிமிஷம் வரும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு டிசம்பர் சாயங்காலம் நான் வந்த பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மூடுபனியில் அடுத்த வளைவின் பலகைகூடத் தெரியவில்லை. டிரைவர் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டார். பஸ் நிறைய ஆள் இருந்தும் ஒரு பேச்சு இல்லை. அந்தப் பயத்தைத்தான் எழுதினேன். இடது கையில் ஒரே சீராக இறங்கிக்கொண்டே போகும் கனத்த சுரங்கள், வலது கையில் சின்னதாக ஒரு மெட்டு. நடுவில் இரண்டு கையையும் எடுத்துவிட்டு நான்கு எண்ணிக்கை மௌனம். சுர வரிசை ஏ மைனர், நம் கர்நாடக இசைக் கணக்கில் நடபைரவி ராகம்.

முதல் தடவை அதை ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டில் வாசித்தேன். அங்கே இருப்பது பழைய அப்ரைட் பியானோ. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் சுருதி ஏறிவிடும், வெயில் காலத்தில் இறங்கிவிடும். ஆனாலும் அதன் கீழ் ஸ்தாயி எனக்குப் பிடிக்கும். முன்வரிசையில் எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா. நான் வாசிக்க வாசிக்க அவருடைய வலது கை மடியில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. முடிந்ததும், “இது தாலாட்டுதானே கண்ணு?” என்றார்.

“இல்லீங்கம்மா, இது பயம். பனியில பஸ் நின்னுபோச்சு...” என்று முழுக் கதையையும் சொன்னேன்.

“ஓ, அப்படியா” என்றார். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. முந்தானை நுனியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். அப்புறம் கடைசி வரை அவர் பேசவில்லை. அந்த நான்கு நிமிஷம் யாரைத் தட்டித் தூங்கவைத்தாரோ, நான் கேட்கவே இல்லை. எழுதியவள் நான், அதனால் அர்த்தமும் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அந்தக் கை நின்றது இன்றும் என்னை உறுத்துகிறது.

கேட்பவர் எதை நினைத்தாலும் சரி, இசைக்குள் ஒன்றுமே இல்லை என்று சொல்லவரவில்லை. கேமரூன் நாட்டு மலைப்பகுதியில் மஃபா என்ற மக்கள் இருக்கிறார்கள். மேற்கத்திய இசையே கேட்டிராத அவர்களுக்குச் சின்னச் சின்ன பியானோ பீஸ்களைப் போட்டு, சந்தோஷமா, சோகமா, பயமா என்று முகப் படங்களைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். 2009இல் வெளியான ஆய்வு அது. குருட்டாம்போக்கில் சொன்னால் வருவதைவிட அதிகமாகவே அவர்கள் சரியாகச் சொன்னார்கள். வேகம், சத்தம், சுரத்தின் உயரம் இவையெல்லாம் மனசில் ஏற்படுத்துவது ஓரளவு எல்லாருக்கும் பொது. ஆனால் அதற்கு மேல் அவரவர் வாழ்க்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மெதுவாக, தாழ்வாக, ஒரே சீராக வரும் சுரம் தொட்டிலாகவும் ஆகும், மலைப்பாதையாகவும் ஆகும்.

பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1802இல் அச்சான அந்த பீஸுக்கு அவர் அந்தப் பெயரை வைக்கவில்லை. ரெல்ஸ்டாப் என்ற ஜெர்மானிய விமர்சகர் அதை லூசெர்ன் ஏரியின் நிலவொளியோடு ஒப்பிட்டார். பீத்தோவன் இறந்த பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருவர் காதுக்குத் தோன்றிய நிலா இன்றைக்கு எல்லார் தலையிலும் காய்கிறது. பெயர் சொல்லாமல் வாசித்துக்காட்டினேன், ஒரு பையனுக்கு அது தூக்கம் வராத ராத்திரியில் சுற்றும் ஃபேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பெண் குழந்தை வகுப்புக்கு வருகிறாள். வீட்டில் 61 கட்டை கீபோர்டு. 88 கட்டை பியானோவை என் வீட்டில்தான் தொடுவாள். அவளுடைய அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். உள்ளே வரச் சொன்னாலும் வாசல் திண்ணையில்தான் உட்காருவார். ஒருநாள் அவளுக்காக என் பீஸை வாசித்தேன். வெளியிலிருந்து குரல் வந்தது: “நடுவுல கரண்ட் போச்சுங்களே மிஸ், அது ரொம்ப நல்லா இருந்துச்சுங்க.”

இந்தத் தடவை கேட்டேன். “கரண்ட் போனா நல்லதுங்களா?”

“தறி நின்னா கூலி போச்சுங்க. ஆனா சின்னப் பையனா இருந்தப்ப எங்க வீட்டுல நாலு தறி. ராத்திரி பகல் ஓடும். கரண்ட் போனாத்தான் எங்கம்மா பேசறதே காதுல விழும்.”

நான் பஸ் கதையைச் சொல்லவில்லை.

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை ஒரு பீஸ் கேட்டு முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், “என்ன தோணுச்சு?” என்று கேளுங்கள். என்ன சொன்னாலும் திருத்தாதீர்கள். ஆசிரியர்களுக்கும்தான். மைனர் என்றாலே சோகம் என்று புத்தகத்தில் படித்ததை நானும் அப்படியே ஒப்பித்திருக்கிறேன். நடபைரவியில் எத்தனையோ துள்ளலான பாட்டுகள் கேட்டு வளர்ந்த குழந்தையிடம் “சோகமா வாசி” என்றால் அவள் கை குழம்பும். “இந்த வரியை இன்னும் மெதுவா, பெடலைச் சீக்கிரம் எடு” என்று சொல்லுங்கள், போதும்.

இன்னொன்று, இதை முக்கியமாகச் சொல்கிறேன். மன அமைதிக்கு என்று போனில் பியானோ இசை போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வயதானவர்களுக்கும் துக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்காமல் போடாதீர்கள். ஒரு மாணவியின் பாட்டி, “அதை நிறுத்து” என்று கத்தியிருக்கிறார். தாத்தாவை ஐசியூவில் வைத்திருந்தபோது ஆஸ்பத்திரி ஹாலில் நாள் முழுக்க அதே மாதிரி இசைதான் ஓடிக்கொண்டிருந்ததாம். “போடட்டுங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போட்ட பிறகும் முகத்தையும் கையையும் பாருங்கள். தாடை இறுகினால் நிறுத்திவிடுங்கள்.

அந்தத் தறிக்காரர் மகள் இப்போது என் பீஸைத் தானே வாசிக்கிறாள். நடு மௌனத்துக்கு நான் எழுதியது நான்கு எண்ணிக்கை. அவள் ஆறு வரைக்கும் போகிறாள். பரீட்சைப் பாடமாக இருந்தால் பென்சிலால் தட்டி எண்ணச் சொல்வேன். இதில் தட்டுவதில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பி, அவள் காத்திருக்கிறாள்.