சர்வராக மாறிய லேப்டாப்: டிவியில் படம் வருகிறதா என்று இன்றே பாருங்கள்

"சார், லேப்டாப் செத்துப்போச்சு. ஆனா ஃபேன் மட்டும் ஓடுது."

இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு பள்ளி ஆசிரியர் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டு வீட்டு சர்வராக்கி (எப்போதும் ஓடி, மற்ற கருவிகளுக்குச் சேவை தரும் கணினி), அதில் படங்களைச் சேமிக்கும் இம்மிச் மென்பொருளை நிறுவி, பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களை எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறார். வீட்டில் ரவுட்டர் மாறியிருக்கிறது. பழையது 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்தது, புதியது 192.168.0. லேப்டாப்புக்கோ பழைய வரிசையிலேயே ஒரு நிலையான முகவரியை அவர் எழுதி வைத்திருந்தார். வரிசைகள் பொருந்தாததால், நெட்வொர்க் மூலம் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியே உள்ளே போக முடியவில்லை. வேறொரு கணினிக்குப் பழைய வரிசை முகவரி கொடுத்து நுழையும் வழி உண்டு, ஆனால் அவர் வீட்டில் மற்றதெல்லாம் போன்கள். சரி, டிவியில் மாட்டிப் பார்ப்போம் என்று எச்டிஎம்ஐ ஒயரைச் செருகினால் ‘நோ சிக்னல்’. லேப்டாப்பின் சொந்தத் திரையும் கறுப்பு. தெரிந்தவர் ஒருவர் ஃபார்மேட் அடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அதற்கு முன் இங்கே கொண்டுவந்தார்.

மெஷின் சாகவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பார்த்தேன். லாகின் கேட்கும் வரி மங்கலாகத் தெரிந்தது. போனது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் மட்டும்தான். டார்ச் வெளிச்சத்திலேயே உள்ளே போய், லினக்ஸின் மையமான கர்னல் எந்தக் கட்டளை வரியோடு கிளம்பியிருக்கிறது என்று பார்த்தேன். அதில் ‘நோமோட்செட்’ (nomodeset) இருந்தது. உபுண்டு போட்ட காலத்தில் திரை கோடுகோடாக வந்ததாம். இணையத்தில் படித்து, லினக்ஸைக் கிளப்பும் கிரப்பின் கோப்பில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்திருக்கிறார், பிறகு மறந்தும்விட்டார். அந்த வார்த்தை இருக்கும்வரை இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் வேலையில் இறங்காது. லினக்ஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் எந்தத் திரையை எழுப்பியதோ அதிலேயே படம் நின்றுவிடும். அவருடைய லேப்டாப்பில் அது பேக்லைட் போன சொந்தத் திரை. வார்த்தையை எடுத்துவிட்டு, கிரப்பைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்ததும் மானிட்டரில் படம் வந்தது. முகவரியை மாற்ற 2 நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டு சர்வராக வைத்த லேப்டாப்புக்கு வெளித்திரை அன்றாடம் தேவைப்படாது. ஆனால் சொந்தத் திரையும் போன மெஷினில், நெட்வொர்க் அறுந்த அன்றைக்கு உள்ளே போகப் பெரும்பாலும் அது ஒன்றுதான் வாசல். அந்த வாசல் திறக்குமா என்று அன்றைக்குத்தான் பலர் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். இதனால்தான் இதை எழுதுகிறேன்.

படம் வரவில்லை என்றால் எந்தக் கட்டத்தில் வரவில்லை என்று கவனியுங்கள். முதலில் கீபோர்டில் ஏதாவது ஒரு கீயைத் தட்டுங்கள், எழுத்து வரிகள் மட்டும் வரும் கன்சோல் திரை தானே அணையும்படி அமைத்திருக்கலாம். அப்புறம் ரீஸ்டார்ட். கம்பெனி லோகோ டிவியில் வந்து, லினக்ஸ் கிளம்பியதும் இருட்டானால் ஒயரிலும் போர்ட்டிலும் குறையில்லை, டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். லோகோ வராமல் லாகின் வரி மட்டும் வந்தால், பயாஸ் சொந்தத் திரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூடியை மூடிவிட்டு மறுபடி ஆன் செய்தால் சில மாடல்களில் லோகோவும் வெளியே வந்துவிடும்.

என்விடியா சிப்பும் உள்ள கேமிங் லேப்டாப்பில் வேறு சிக்கல். பல மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட் இன்டெல்லோடு அல்ல, என்விடியாவோடு இணைந்திருக்கும். ஒரே லேப்டாப்பில் பல விர்ச்சுவல் மெஷின்களை (கணினிக்குள் கணினி) ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் போட்டு அந்தக் கார்டை அவற்றில் ஒன்றுக்குக் கொடுத்தால், போர்ட்டும் கூடவே போய்விடும். ஹோஸ்ட்டின், அதாவது லேப்டாப்பின், கன்சோல் டிவியில் வராது. அப்படிச் செய்யும் முன் சொந்தத் திரை நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கார்டைக் கொடுக்காதீர்கள். டைப்-சி போர்ட்டையும் நம்பி உட்காராதீர்கள். எல்லா டைப்-சியிலும் படம் வராது, டைப்-சி வழியே படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் இருப்பதில் மட்டுமே வரும்.

நிறையப் பேர் ஏமாறுவது மூடி விஷயத்தில்தான். டிவியை மாட்டி, மூடியை மூடி, எல்லாம் ஓடுகிறது என்று திருப்தியாகி, ஒயரைப் பிடுங்கி லாஃப்டில் வைப்பார்கள். சர்வர் தூங்கிவிடும். மூடியைக் கவனிப்பது, லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் லாகின்ட் என்ற சேவை. வெளித்திரை இருந்தால் மூடி மூடியதை அது பொருட்படுத்தாது. திரை போய்விட்டால் ‘ஹேண்டில்லிட்ஸ்விட்ச்’ (HandleLidSwitch) என்ற அமைப்பு வரி சொல்கிறபடி நடக்கும், அதன் இயல்பு மதிப்பு சஸ்பெண்ட், அதாவது தூக்கம். லாகின்ட்-இன் அமைப்புக் கோப்பில் அந்த வரியை ‘இக்னோர்’ (ignore, பொருட்படுத்தாதே) என்று மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

என்னிடம் சர்வர் போடச் சொல்லி வரும் லேப்டாப்பை மூடி மூடிய நிலையில், டிவியும் யுஎஸ்பி கீபோர்டும் மாட்டி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்கிறேன். லாகின் வந்ததும் ஒயரைப் பிடுங்கி, 10 நிமிடம் விட்டு, போனிலிருந்து சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு ரீஸ்டார்ட் செய்யாமலே ஒயரை மறுபடி செருகிப் பார்க்கிறேன். கடைசிச் சோதனையில்தான் நிறைய மெஷின்கள் தோற்கும். அப்படித் தோற்றால் கர்னல் வரியில் அந்தப் போர்ட்டை எப்போதும் இயங்கச் சொல்லிவிடலாம், அல்லது திரை மாட்டியிருப்பதுபோல் காட்டும் எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்றைச் செருகி வைத்துவிட்டு வேண்டும்போது கழற்றலாம்.

திரும்பக் கொடுக்கும் முன் அந்த ஆசிரியரின் பேட்டரியையும் பார்த்தேன். இரவும் பகலும் சார்ஜில் கிடந்து உப்பி, டச்பேடை மேலே தூக்கியிருந்தது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. அதைக் கழற்றி எடுத்துவிட்டேன். மூடிமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, சர்வரின் முகவரியையும், டிவி ஒயரைச் செருக வேண்டிய போர்ட்டையும் எழுதிக் கொடுத்தேன்.