கெட்டிமேளமும் பத்து விரலும்: பெரிய தொடுதிரையில் எடிட்டிங்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குத் தாலி கட்டும் அந்த அரை நிமிடம்தான் தலைவலி. கெட்டிமேளம் எழும்பியதும் தவில் மற்ற சத்தங்களை எல்லாம் விழுங்கிவிடும். தவிலைத் தாழ்த்த வேண்டும், நாதஸ்வரம் தேயக்கூடாது, புரோகிதரின் மைக் கொஞ்சம் ஏற வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். மவுஸுக்கோ திரையில் ஒரே ஓர் அம்பு. ஒரு டிராக்கைச் சரிசெய்து, திரும்ப ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போக வேண்டியதுதான்.

பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் பெரிய மல்டிடச் திரை கைகொடுப்பது இந்த இடத்தில்தான். ஒலிக்கு அது அருமையான கருவி, படத்தை வெட்டுவதற்கு அவ்வளவாக இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று பார்க்க, விரலைக் கண்ணாடி எப்படி உணர்கிறது என்பதில் தொடங்கலாம்.

செல்போனில் இருப்பது மின்தேக்கு முறை. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிகள் ஓடுகின்றன. குறுக்குக் கம்பிகளுக்கு ஒவ்வொன்றாக மின்துடிப்பு அனுப்பி, அது நெடுக்குக் கம்பிகளில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று சிப் அளக்கிறது. நம் உடல் மின்சாரம் கடத்தும். அதனால் விரல் கிட்டே வந்ததும் அந்தச் சந்திப்பில் அளவு கொஞ்சம் குறைகிறது. ஒவ்வொரு சந்திப்பும் தனித்தனியாக அளக்கப்படுவதால், பத்து விரல் வைத்தாலும் குழப்பமில்லை. 55 அங்குலத் திரையில் 5 மி.மீ.க்கு ஒரு கம்பி என்று வைத்துக்கொண்டால் சுமார் 33,000 சந்திப்புகள் வரும். நொடிக்கு 60 முறை படித்தால் ஏறக்குறைய 20 லட்சம் அளவீடுகள்! விரல் பக்கத்துச் சந்திப்புகளையும் சேர்த்துத்தான் பாதிக்கும் என்பதால், அவற்றின் சராசரியை வைத்துக் கம்பி இடைவெளியைவிட நுட்பமாகவே இடத்தைக் கணிக்க முடிகிறது.

சிக்கல் திரையின் அளவில் வருகிறது. செல்போன்களில் கம்பியாகப் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடு, ஒளியை நன்றாக விடும், மின்சாரத்தைச் சுமாராகத்தான் கடத்தும். கம்பி நீள நீள மின்துடிப்பு மந்தமாகிறது. அதனால்தான் பெரிய திரைகளில் மெல்லிய உலோக வலையைப் பதிக்கிறார்கள், விலையும் ஏறுகிறது.

மலிவான வழி அகச்சிவப்புச் சட்டம். பள்ளிக்கூட ஸ்மார்ட் போர்டுகளில் பெரும்பாலும் இதுதான். திரையின் இரு ஓரங்களில் அகச்சிவப்பு விளக்குகள், எதிர் ஓரங்களில் உணரிகள். விரல் எந்தக் கதிர்களை மறைக்கிறதோ அங்கே தொடுகை. ஆனால் இரண்டு விரல் வைத்தால் மறைந்த கதிர்கள் நான்கு இடங்களில் வெட்டிக்கொள்ளும், அதில் இரண்டு பொய். நல்ல சட்டங்கள் சாய்வுக் கதிர்களையும் பார்த்துப் பொய்யைக் கழித்துவிடுகின்றன. இன்னொரு தொல்லையும் உண்டு. கதிர்கள் கண்ணாடிக்குச் சற்று மேலே ஓடுவதால் சட்டைக் கையும் ‘தொடும்’. வருடத்தில் இரண்டு பருவமழை வாங்கும் நம் மாவட்டத்தில், மழை விட்ட ராத்திரி வெளிச்சத்துக்கு வரும் ஈசல் திரையில் உட்கார்ந்தால் அதுவும் ஒரு விரல்தான்.

மல்டிடச்சை மேசை அளவுக்குப் பெரிதாக்கி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹான். 2005இல் அவர் காட்டிய முறையில், அக்ரிலிக் பலகையின் விளிம்பில் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துவார்கள். விரல் பட்ட இடத்தில் ஒளி கசியும், பின்னால் இருக்கும் கேமரா அதைப் பார்க்கும். இதற்கும் வெகு முன்பே, 1985இல், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பில் பக்ஸ்டனும் கூட்டாளிகளும் பல விரல்களை உணரும் பலகை செய்திருந்தார்கள்.

ஒலிக்காரர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். பார்சிலோனாவில் உருவான ரியாக்டேபிள், மேசைமேல் பொருள்களை நகர்த்தி இசைக்கும் கருவி. 2013 வாக்கில் ஸ்லேட் நிறுவனத்தின் ரேவன், மிக்ஸிங் மேசையையே தொடுதிரையாக்கியது. தவிலை ஒரு விரல் இறக்க, மைக்கை இன்னொரு விரல் ஏற்ற, காது கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆரல்வாய்மொழிக் காற்றில் எடுத்த பேட்டியில் காற்றின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கும். அந்தப் பகுதியை, அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் விரலால் அழுத்தி இறக்கும்போது, குரல் எங்கே மெலியத் தொடங்குகிறது என்பது கையோடு தெரிந்துவிடும்.

குறையும் உண்டு. மிக்ஸிங் மேசையில் ஒலியை ஏற்றி இறக்கும் சறுக்குப் பிடிதான் ஃபேடர். நிஜ ஃபேடரைக் கண்ணை மூடிக்கொண்டே தடவிக் கண்டுபிடிக்கலாம், கண்ணாடியில் தடவ ஒன்றும் இல்லை. படத்தைப் பார்க்க வேண்டிய கண் ஃபேடரைத் தேடுகிறது. நல்ல மென்பொருள்கள் ஃபேடருக்கு அகலமான பட்டையை ஒதுக்கி, விரல் எங்கே பட்டது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் கணக்கில் எடுக்கின்றன. தொட்டவுடன் ஒலி எகிறாது.

சரி, வெட்டுக்கு வருவோம். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. ஒரு மணி நேர வீடியோவை அதில் விரித்தால், 1 செ.மீ. அகல விரல் நுனிக்கடியில் 30 நொடி ஒளிந்துகொள்ளும். பத்து நொடியை மட்டும் விரித்தாலும், நொடிக்கு 25 பிரேம் கணக்கில் ஒரு பிரேமுக்கு 5 மி.மீ.கூடக் கிடைக்காது. மவுஸில் கையசைவை அம்பின் சின்ன அசைவாகக் குறைத்துக்கொள்ளலாம், விரல் பட்ட இடமோ பட்ட இடம்தான். 2023இல் ஐபேடுக்கு வந்த ஃபைனல் கட் புரோ என்ற எடிட்டிங் மென்பொருள் திரையிலேயே ஒரு சுழல் சக்கரம் வைத்தது இந்தச் சங்கடத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். சக்கரத்தைச் சுற்றினால் பிரேம் பிரேமாகப் போகும், விரலும் டைம்லைனை மறைக்காது.

அப்புறம் தாமதம். விரல் நொடிக்கு 50 செ.மீ. நகர்ந்து, திரை 100 மில்லிநொடி பின்தங்கினால், கிளிப் விரலுக்கு 5 செ.மீ. பின்னால் இழுபட்டு வரும். அந்த 100 மில்லிநொடி, வீடியோ ஓடும் வேகத்தில் இரண்டரை பிரேம் நேரம்.

திரையைச் சுவரில் மாட்டினால் கால் மணி நேரத்திலேயே தோள் கடுக்கும். 2016இல் வந்த மைக்ரோசாஃப்டின் 28 அங்குலக் கணினி சர்ஃபேஸ் ஸ்டூடியோ 20 டிகிரி சாய்வுக்குப் படுக்கும். அப்படிச் சாய்த்து வைத்தால் உள்ளங்கை கண்ணாடியில் படத்தான் செய்யும். அந்த அகலமான தொடுகையை விரல் இல்லை என்று மென்பொருள் ஒதுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே திரையில் படம் வரையும் மென்பொருள் ஒன்றைத் திறந்து, எதிரெதிர் மூலையிலிருந்து இரண்டு விரலை இழுத்து நடுவில் கடக்க வைத்துப் பாருங்கள். கோடு தாவினால் பொய்ப்புள்ளி. ஒரு விரலை வேகமாக இழுத்துக் கோடு எவ்வளவு பின்தங்குகிறது என்று பாருங்கள். முக்கியமாக, நீங்கள் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருளையே ஓட்டி இரண்டு ஃபேடரைச் சேர்ந்தாற்போல் நகர்த்துங்கள். ஒன்றுதான் நகர்ந்தால், அந்த மென்பொருள் உங்கள் விரலை மவுஸாகத்தான் நினைக்கிறது. திரை எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை.