"எனக்கு இனி வராது" என்று சொல்வதற்கு முன்: நாற்பது வயதும் வெள்ளெழுத்தும்

கண் மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி வரும் எனக்கு, நாற்பதுகளில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு சொல் பழகிவிட்டது: "இந்தப் புதுப் போனெல்லாம் எனக்கு வராது, டாக்டர்." சென்ற ஆண்டு தலைவலிக்காக வந்த 46 வயது ஆசிரியை ஒருவரும் இதையே சொன்னார். (அவர் யாரெனத் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வகுப்பின் வருகைப் பதிவைச் செயலியில் செய்ய வேண்டியிருப்பதால் அதை இளைய ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவதாகவும், ஆண்டுவிழாவுக்கு நாடகம் எழுதித் தரும் நெடுநாள் வழக்கத்தை இரண்டு ஆண்டுகளாக நிறுத்திவிட்டதாகவும் பேச்சினூடே தெரிவித்தார். மூளை மந்தமாகிவிட்டது என்று அவரே முடிவு கட்டியிருந்தார். படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தபோது கையை முழுவதும் நீட்டி, வெளிச்சம் தேடி ஜன்னல் பக்கம் திரும்பினார். சோதனைச் சட்டத்தில் +1.50 பவர் இட்டதும் கடைசி வரி வரை தடங்கலின்றிப் படித்து முடித்தார். பிறகு சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருப்பதால், அருகில் பார்க்கும்போது தானாகவே தடித்துக் குவியத்தைச் சரிசெய்துகொள்கிறது. வயது ஏற ஏற அது இறுகுகிறது. இருபது வயதில் சுமார் 10 சென்டிமீட்டர் தொலைவிலும் தெளிவாகப் படிக்க முடிந்த கண்ணுக்கு, நாற்பத்தைந்தில் 25 சென்டிமீட்டருக்குள் எதுவும் தெளிவாக இராது. இதையே வெள்ளெழுத்து என்கிறோம். இது நோயன்று, எவரும் இதற்கு விலக்குமல்லர். கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்னும் அச்சம் இன்றும் பலரிடம் இருக்கிறது. போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் இறுகத்தான் செய்யும் என்பதால் அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

தமிழ் படிப்பவர்களுக்கு வெள்ளெழுத்தில் முதலில் மறைவது புள்ளி. 'க' எது, 'க்' எது என்று தெரியாமல் ஒரே வரியை இரண்டு முறை படிக்க நேர்கிறது. ஓ.டி.பி. எண்ணில் 3, 6, 8 ஆகியவை ஒன்றுபோல் தெரிகின்றன; தவறாக இட்டால் செயலி நிராகரிக்கிறது; மூன்றாம் முறை நிராகரிக்கப்பட்டவர் கைப்பேசியை மகனிடம் நீட்டிவிடுகிறார். இப்படிப் பல மாதங்கள் கழிந்தபின், கற்கும் ஆற்றலே போய்விட்டதென்று நம்பத் தொடங்குகிறார். ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஆரி வேலையைக் கைவிட்ட தையல்காரர்களையும், ஸ்வரக் குறிப்பு தெரியாததால் வீணைக்கு உறையிட்டு வைத்தவர்களையும் இதே வரிசையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் இழந்த ஆண்டுகளை நினைக்கையில் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

அஸ்ஸாமில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன தேயிலை பறிப்பவர்கள் 751 பேரிடம் நடத்தப்பட்டு, 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அருகில் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள் நாளொன்றுக்குப் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களுக்கு ஏற்பட்ட உயர்வைக் காட்டிலும் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. ஐம்பதைக் கடந்தவர்களிடம் வேறுபாடு இன்னும் அதிகம். கை அதே கை, தோட்டமும் அதே தோட்டம்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 58ஆம் வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையிலேயே முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் வளைந்துபோயிருந்தன; அந்த விரல்களால் கத்தி பிடிக்கத் தம்மைப் பழக்கிக்கொண்டே அவர் அறுவை சிகிச்சை நிபுணரானார். உடலின் மாற்றத்துக்கேற்பத் தம் வேலைமுறையைத் திருத்திக்கொண்ட அவரை, ஒரு சாதாரணக் கண்ணாடிக்கே தயங்கி நிற்பவர்களிடம் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு.

நடைபாதையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடி, இரு கண்ணுக்கும் ஒரே பவர் இருப்பவர்களுக்கு ஓரளவு உதவும். ஆனால் நாற்பதுக்குப் பின் கண் மருத்துவரிடம் போவது கண்ணாடிக்காக மட்டுமன்று. கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியோ மங்கலோ காட்டாமல் பக்கவாட்டுப் பார்வையைத் தின்றுகொண்டே வரும். இழந்ததை மீட்க வழியில்லை. எனவே கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்குமாதலால் வண்டி ஓட்டாமல் துணையோடு வருவது நல்லது. கண்ணாடி இல்லாமலே திடீரெனப் படிக்க முடிகிறது என்று ஒருவர் மகிழ்ந்து வந்தால், நான் உடனே சர்க்கரை அளவையும் கண்புரையையும் பார்ப்பேன், ஏனெனில் இரண்டுமே அப்படியொரு தற்காலிகத் தெளிவைத் தரக்கூடியவை.

கைப்பேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்து கண் உலர்வதால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவிலுள்ள எதையாவது 20 விநாடி பார்த்து, நன்றாக இமைத்துக்கொள்ளலாம்.

பரிசோதனைக்கு வரும்போது உங்கள் வேலையின் தொலைவை அளந்துகொண்டு வாருங்கள். புத்தகம் 40 சென்டிமீட்டரில் இருக்கும், கணினித் திரை 60இல் இருக்கும், ஆரிச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தொலைவில் இருக்கும். ஒன்றுக்குப் பொருந்தும் பவர் மற்றதற்குப் பொருந்தாது. அந்த ஆசிரியை ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து, நாடகத்தை இப்போது மடிக்கணினியிலேயே தட்டச்சு செய்வதாகவும், படிக்கும் கண்ணாடியில் திரை சற்று மங்கலாகத் தெரிவதாகவும் சொன்னார். மடிக்கணினியையும் கையோடு கொண்டுவந்திருந்ததால், அதை மேசைமேல் வைத்து, நாடாவால் தொலைவை அளந்து, அதற்கேற்ற பவரை எழுதிக் கொடுத்தேன்.